எம்பிசி ஒன்னில் ஹிப்-ஹாப் டிரம்ஸ்: நாள்பட்ட பயன்பாட்டில் எது உதவுகிறது

அகாய் எம்பிசி ஒன் 2020இல் வெளிவந்தது. சாம்பிள்களை, அதாவது பதிந்த சத்தத் துணுக்குகளை, விரலால் தட்டி இசைக்கும் தனி இயந்திரம் இது. 16 பேட் (தட்டும் கட்டங்கள்), 7 அங்குலத் தொடுதிரை, 2 ஜிபி ராம். கம்ப்யூட்டரைத் தொடாமலே ஒரு பீட்டை முழுசாக முடித்துவிடலாம். வாங்கிய புதிதில் எல்லோரும் பேசுவது கூடவே வரும் சவுண்டு பேக்குகளையும் சின்த் பிளக்-இன்களையும்தான். நாள்பட்ட பயன்பாட்டில் டிரம்ஸைத் தூக்கி நிறுத்துவது அவை இல்லை. அடித்த நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் (குவாண்டைஸ்) டைமிங் கரெக்ட் ஜன்னல், ஒரே பேடில் பல சாம்பிள்களை அடுக்கும் லேயர் பக்கம், ஒரு பேட் அடித்தால் இன்னொன்றை நிறுத்தும் ம்யூட் குரூப், இந்த மூன்றும்தான். புதுப் புது கிட் (டிரம் சத்தத் தொகுப்பு) தேடும் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்தாலே வித்தியாசம் காதில் விழும்.

எதற்கும் முன்னால் சாம்பிளின் தொடக்கத்தைப் பாருங்கள். குவாண்டைஸ் சரிசெய்வது பேட் அடிபடும் நேரத்தை மட்டுமே. சத்தம் எப்போது வருகிறது என்பது அதற்குத் தெரியாது. கிக் (அடித்தளப் பெரிய டிரம்) சாம்பிளின் முன்னால் 8 மில்லிசெகண்ட் மௌனம் இருந்தால் அந்தக் கிக் ஒவ்வொரு முறையும் 8 மில்லிசெகண்ட் பிந்தித்தான் விழும். எம்பி3யிலிருந்து மாற்றிய சத்தங்களில் இது சர்வசாதாரணம், ஏனென்றால் அந்த வடிவமே கோப்பின் முன்பகுதியில் சிறு இடைவெளியைச் சேர்த்துவிடும். சாம்பிள் எடிட்டில் நன்றாகப் பெரிதாக்கி, ஸ்டார்ட் புள்ளியை அலை எழும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் 'டிக்' என்று ஒட்டுச் சத்தம் கேட்கும்.

இனி ஸ்விங், அதாவது இரண்டு இரண்டாக வரும் அடிகளில் இரண்டாவதைச் சற்றுத் தாமதப்படுத்துவது. எம்பிசியின் பெயர் நிலைத்ததே இதனால்தான். ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60 1988இல் வந்தது. அதில் ஒரு கால் நோட்டுக்கு (ஒரு தாளத்துக்கு) 96 டிக், டிக் என்பது அந்த இயந்திரம் அளக்கும் மிகச்சிறு நேர அலகு. பதினாறாம் நோட்டு ஒன்றுக்கு 24 டிக், இரண்டு சேர்ந்த ஜோடிக்கு 48. ஸ்விங் சதவீதம் சொல்வது இந்த ஜோடியில் இரண்டாவது அடி எங்கே விழுகிறது என்பதை. 50% என்றால் 24ஆம் டிக், அதாவது நேர் பாதி. 54% என்றால் 26, 58% என்றால் 28, 62% என்றால் 30. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். 50% சுத்தமான சதுஸ்ர நடை, 66%ஐத் தாண்டியதும் திஸ்ரம். ஹிப்-ஹாப்பின் ருசி இந்த இரண்டுக்கும் நடுவில், எந்த நடையிலும் சேராத இடத்தில் இருக்கிறது.

90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தாளம்) 54% என்பது சுமார் 13 மில்லிசெகண்ட் தாமதம், 58% என்பது 27, 62% என்பது 40. அதே 58%ஐ 140 பிபிஎம்மில் வைத்தால் 17 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். ஆகவே டெம்போவை மாற்றினால் ஸ்விங்கையும் திரும்பக் காதால் பார்த்து வைக்க வேண்டும். பழைய எண் அப்படியே பொருந்தாது. 86 முதல் 94 பிபிஎம் வரையிலான பூம்-பேப்புக்கு (கிக்கும் ஸ்னேரும் முன்னிற்கும் பழைய ஹிப்-ஹாப் பாணி) 54இல் தொடங்கி 60க்குள் நிறுத்துவது என் கணக்கு. 62ஐத் தாண்டினால் ராப் செய்பவரின் வரிகளையும் அது துள்ள வைக்கத் தொடங்கும்.

"ஸ்விங் ஏற்றினேன், ஒன்றுமே மாறவில்லை" என்ற குறை அடிக்கடி கேட்கக்கூடியது. காரணம் எளிது. ஒரு பாரை (நான்கு தாளம்) 16 கட்டமாகப் பிரித்தால் பதினாறாம் நோட்டு ஸ்விங் தொடுவது இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும். எட்டாம் நோட்டு ஹை-ஹாட் (ஜோடி சிம்பல், சுருக்கமாக ஹாட்) 1, 3, 5 என்று முழுக்க ஒற்றைப்படையில் ஓடும். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) 5, 13. கிக்கும் 1, 11 என்று இருந்தால் நகர்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. 8ஆம் கட்டத்தில் ஒரு கிக்கை வையுங்கள், 10இலும் 16இலும் மெல்லிய கோஸ்ட் ஸ்னேர், 16இல் ஒரு சின்ன ஹாட். ஸ்விங் உடனே உயிர்பெறும். வெலாசிட்டி (அடியின் பலம், 127 வரை) தோராயமாக இப்படி இருக்கட்டும்: முதல் கிக் 120, எட்டாவது 85, பதினொன்றாவது 110. ஸ்னேர் 115, கோஸ்ட் ஸ்னேர் 30 முதல் 40 வரை. ஹாட் தாளத்தின் மேல் 95, இடையில் 65. கோஸ்ட் ஸ்னேர் தனியாகக் காதில் விழுந்தால் அது அதிகம். ம்யூட் செய்தால் குறை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். பதிவின்போது குவாண்டைஸ் போட்டிருந்தால் நோட்டுகள் அந்த ஸ்விங்கோடே எழுதப்பட்டுவிடும். பிறகு சதவீதத்தை மாற்றினால் ஏற்கனவே அடித்தவை தானாக நகராது, டைமிங் கரெக்டை மீண்டும் செயல்படுத்த வேண்டும். அப்படிச் செய்யும்போது கையால் நகர்த்தி வைத்த நோட்டுகளும் கிரிட்டுக்கு (தாளக் கட்டங்களுக்கு) திரும்பிவிடும். எனவே வரிசை முக்கியம்: முதலில் ஸ்விங்கை முடிவுசெய்யுங்கள், நகர்த்தும் வேலை கடைசியில்.

அந்த நகர்த்தும் வேலையில்தான் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவருடைய எம்பிசி3000 இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் குவாண்டைஸை அணைத்துவிட்டு அடித்தார் என்று சுருக்கிவிடுவது அந்த உழைப்புக்கு நியாயம் செய்யாது. ஸ்னேர் சற்று முந்தும், ஹாட் நேராகவோ ஸ்விங்கிலோ தன்போக்கில் ஓடும், கிக் வேறோர் இடத்தில் விழும். ஒரே பாரில் மூன்று விதமான நேரம். எம்பிசி ஒன்னில் கால் நோட்டுக்கு 960 டிக், 90 பிபிஎம்மில் ஒரு டிக் சுமார் 0.7 மில்லிசெகண்ட். கிரிட்டில் ஸ்னேர் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து 10 டிக் முந்தி விழச் செய்யுங்கள். பீட் அவசரப்படாமலே முன்னோக்கிச் சாயும். ஹாட்டை 15 டிக் பிந்தி விழச் செய்யுங்கள். கிக்கைத் தொடாதீர்கள், எல்லாவற்றையும் அளக்க ஒன்று அசையாமல் இருந்தாக வேண்டும். இப்போது ஸ்னேருக்கும் ஹாட்டுக்கும் இடையே 17 மில்லிசெகண்ட் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து விழும் 5, 13ஆம் கட்டங்களில் அது இரட்டை அடியாகக் கேட்கலாம். அந்த இரண்டு ஹாட்டையும் அழித்துவிடுங்கள். ஸ்னேரும் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

வெலாசிட்டியைப் பற்றி இன்னும் ஒன்று. எண்ணைக் குறைத்தால் பேடின் ஒலியளவு குறையும், ஒலியின் நிறம் மாறாது. உண்மையான ஸ்னேரை மெல்ல அடித்தால் அது சத்தம் குறைவதோடு மங்கலாகவும் ஆகும். அதனால் வெலாசிட்டியை ஃபில்டருக்கும் (ஒலியின் கூர்மையைக் குறைக்கும் வடிகட்டி) இணைத்துவிடுங்கள், அல்லது 0–60க்கு ஒரு லேயர், 61–127க்கு இன்னொரு லேயர் வையுங்கள். ஹாட்டுக்கு ஒரே சாம்பிளை மூன்று லேயரில் போட்டு, ஒன்றை 6 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒன்று) மேலே, ஒன்றை 6 சென்ட் கீழே ட்யூன் செய்து, லேயர் ப்ளேயை சைக்கிளில் (அடிக்கு ஒரு லேயராக மாறி மாறி) வைத்தால் இயந்திரத் துப்பாக்கிச் சத்தம் போய்விடும். ஃபுல் லெவல் பொத்தான் எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது எரிந்தால் எப்படி அடித்தாலும் 127தான். விரலில் மென்மை வராதவர்கள் 16 லெவல்ஸில் (ஒரே சத்தம் 16 பேடில் 16 பலத்தில்) கோஸ்ட் நோட்டுகளை அடிக்கலாம்.

ட்ராப் (ஹாட் உருட்டலும் கனமான பேஸும் முன்னிற்கும் ஹிப்-ஹாப் பாணி) பக்கம் வந்தால் கணக்கு வேறு. 140 பிபிஎம், ஸ்னேர் மூன்றாவது தாளத்தில். நோட் ரிப்பீட்டை அழுத்திப் பிடித்து ஹாட் உருட்டும்போது பேடின் மேல் விரலின் அழுத்தமே வெலாசிட்டி ஆகிறது. உருட்டல் மெதுவாக ஏறவோ இறங்கவோ வேண்டுமானால் இதைவிட வசதியான வழி இல்லை. பதினாறாம் நோட்டு ட்ரிப்லெட்டில் அடிக்கு அடி 71 மில்லிசெகண்ட், முப்பத்திரண்டாம் நோட்டில் 54. பாருக்கு ஒரு உருட்டல் போதும், மேலே போனால் பாடுபவருக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

808 பேஸில் (நீண்டு ஒலிக்கும் தாழ்ந்த பேஸ் சத்தம்) மூன்று விஷயம். பாட்டின் சுருதிக்கு ட்யூன் செய்யுங்கள். பாட்டு ஜியில் என்றால் அடிப்படை அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ், எஃப்பில் என்றால் 43.7. அடுத்த நோட் வரும்போது முந்தையது நிற்க பேடை மோனோவில் வையுங்கள். பேஸ் பல பேடுகளில் பிரிந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே ம்யூட் குரூப்பில் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வால்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். திறந்த ஹாட்டை மூடிய ஹாட் அடைப்பதற்கும் இதே வழிதான், வேறொரு குரூப் எண்ணில். மூன்றாவது, போன் ஸ்பீக்கரில் 49 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. லேசான சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச்சிதைவு) கொடுத்தால் 98, 147, 196 என்று மேல் அலைகள் எழும், காது அடிநாதத்தை அவற்றிலிருந்து ஊகித்துக்கொள்ளும்.

கிக்கும் 808ம் சேர்ந்து விழும்போது சத்தம் கூடாமல் குறைந்தால் இரண்டின் அலைகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்று அர்த்தம். கிக்கின் ஸ்டார்ட் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது கிக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஈக்யூவில் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது. இல்லாத அலையை ஈக்யூ கொண்டுவராது.

கரகரப்பு வேண்டுவோருக்கு ஒரு பழைய தந்திரம். 1987இல் வந்த இ-மு எஸ்பி-1200 என்ற டிரம் சாம்ப்ளரில் மொத்த சாம்பிள் நேரமே 10 விநாடி. அதனால் 33 சுழற்சி ரெக்கார்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்து, உள்ளே சுருதியை இறக்கினார்கள். நேரமும் மிச்சம், 12 பிட் கரகரப்பும் கூடியது. இங்கே சாம்பிளை 5 அரைச்சுரம் ஏற்றி, பிட்டையும் சாம்பிள் ரேட்டையும் குறைக்கும் எஃபெக்ட் வழியாக ரீசாம்பிள் (மறுபதிவு) செய்து, பிறகு 5 இறக்குங்கள். ஸ்னேருக்கும் ஹாட்டுக்கும் பிரமாதம். கிக்குக்கு வேண்டாம், அடிப்பகுதி தளர்ந்துபோகும்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: பேட்டரி கிடையாது, முதன்மை வெளியீடு ஒரே ஸ்டீரியோ ஜோடி. டிரம்ஸுக்கு 2 ஜிபி ராம் தாராளம், நீளமான சாம்பிள்களையும் பிளக்-இன்களையும் குவிப்பவர்களுக்கு நெருக்கடி. கிக், ஸ்னேர், ஹாட்டைத் தனித்தனியாக மிக்ஸ் செய்ய வேண்டுமென்றால் ட்ராக் ட்ராக்காக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். மாஸ்டரில் லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் எஃபெக்ட்) இருந்தால் அதற்குமுன் அணைத்துவிட்டு, கிக்கின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.