மூன்று ஆண்டுகள், 1,400 ஆட்டங்கள், ஒரு விரிதாள்

இணையத்தில் பத்து நிமிட செஸ் ஆடுகிறேன். ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) குறித்துவைக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 1,400 வரிசைகளைத் தாண்டிவிட்டது. ரேட்டிங்கையும் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி எண்) வெற்றி விகிதத்தையும் தளமே வரைந்து காட்டுகிறதே, தனிக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தளத்துக்குத் தெரிந்தது பலகையில் நடந்தது மட்டும்தான். ஆட்டம் கையை விட்டுப் போனது எங்கே என்று எனக்குத் தோன்றியதை அது அறியாது. எனக்கு வேண்டிய கேள்விகளை எனக்கு வேண்டியபடி கேட்கவும் அது விடாது. விரிதாள் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

முதலில் 19 நெடுவரிசைகள் போட்டேன். தூக்கம், மனநிலை, நகர்வுகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. இரண்டே வாரத்தில் எழுதுவது பாரமாகிவிட்டது. எட்டாகக் குறைத்தேன்: தேதியும் நேரமும், காயின் நிறம், என் ரேட்டிங், எதிராளியின் ரேட்டிங், தொடக்க முறை, முடிவு, தோல்விக் காரணம், குறிப்பு. ஓர் ஆட்டத்தைப் பதிய அரை நிமிடம் போதும்.

முடிவை எண்ணாக எழுத வேண்டும்: வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. பழக்கதோஷத்தில் டிராவுக்கு 1/2 என்று தட்டினால் மென்பொருள் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். தேதி என்பது உள்ளுக்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஓர் எண், சராசரி தாறுமாறாகிவிடும். இது கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்தில்லை. கண்ணில் படாத தவறு ஒன்று இருந்தது. முதல் 60 ஆட்டங்கள் முடிந்தபோது சராசரி 57 சதவீதம் என்று காட்டியது. மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஒருநாள் வரிசை வரிசையாக மேலிருந்து படித்து வந்தபோது ஒன்பது இடங்களில் முடிவுக் கட்டம் காலியாக இருந்ததைக் கண்டேன். தேதி இருக்கிறது, எதிராளியின் ரேட்டிங் இருக்கிறது, முடிவு மட்டும் இல்லை. ஒன்பதும் தோல்விகள். தோற்ற கசப்பில் கணினியை மூடியிருக்கிறேன். ஆவரேஜ் சூத்திரம் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பூஜ்யத்தைத்தான் சேர்க்கும். ஒன்பது பூஜ்யங்களையும் நிரப்பியதும் 57 என்பது 48 ஆனது. அன்றிலிருந்து தாளின் உச்சியில் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். தேதிகளின் எண்ணிக்கையும் முடிவுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் அது சிவப்பாகும். என் தாளில் மிகவும் பயனுள்ள சூத்திரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது எதிர்பார்ப்பு மதிப்பு: இருவரின் ரேட்டிங்கையும் பார்த்தால் ஓர் ஆட்டத்தில் நான் சராசரியாக எவ்வளவு புள்ளி எடுக்க வேண்டும் என்ற கணிப்பு. வெறும் வெற்றி விகிதத்தை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. பலவீனமானவர்களோடு மட்டும் ஆடினால் அது தானாக உயரும். அர்பாத் ஈலோ வகுத்த முறை இதற்குக் கைகொடுக்கிறது. உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்ட முறை அது. சூத்திரம் ஒரே வரிதான்: =1/(1+10^((எதிராளி−நான்)/400)). இருவரும் சமம் என்றால் 0.5 வரும். நான் 100 புள்ளிகள் மேலே இருந்தால் 0.64, 200 புள்ளிகள் மேலே இருந்தால் 0.76. இணையத் தளங்கள் பலவும் இதிலிருந்து வளர்ந்த வேறு முறைகளைக் கையாளுகின்றன, ஆகவே இது தோராயம்தான். என் தேவைக்குப் போதும். முடிவிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் அந்த ஆட்டத்தில் நான் என் தரத்துக்கு மேலே ஆடினேனா, கீழே ஆடினேனா என்று தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தை எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்துக் கூட்டினால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ரேட்டிங் ஏறுவதும் இறங்குவதும் இதே வித்தியாசத்தால்தான். வருவது ரேட்டிங் கோட்டின் நிழல். பிரித்துக் கூட்டும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. நேரம் வாரியாகப் பிரித்தேன். இரவு பத்து மணிக்கு மேல் ஆடியவை 212 ஆட்டங்கள். எதிர்பார்ப்பு 104.6 புள்ளிகள், நான் எடுத்தவை 88. பகலிலும் மாலையிலும் எதிர்பார்ப்பும் விளைவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றன. இரவில் சோர்ந்துவிடுகிறேன் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் பதினாறரைப் புள்ளிகள் என்று எண்ணாகப் பார்த்தபோதுதான் இரவு ஆட்டத்தை விட்டேன். இதற்குச் சூத்திரம் எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. மணி 22க்கு மேல் என்று நிபந்தனை கொடுத்தால் நள்ளிரவு 12.30க்கு ஆடிய ஆட்டம் விட்டுப்போகிறது. அது மறுநாள் அதிகாலையாகிவிடுகிறது. விரிதாளில் ஒரு நாள் என்பது 1, ஆறு மணி நேரம் 0.25. ஆகவே நேரத்திலிருந்து 4/24ஐக் கழித்து, அதன்படி பிரித்தேன். இரவு முழுவதும் ஒரே நாளுக்குள் அடங்கியது.

சூத்திரங்களை நம்பி நான் கெடுத்துக்கொண்டதும் உண்டு. முதல் ஆண்டில், கறுப்புக் காயோடு சிசிலியன் என்ற தொடக்க முறையை ஆடிய 14 ஆட்டங்களில் 29 சதவீதம்தான் எடுத்திருந்தேன். எண்ணைப் பார்த்தவுடன் சிசிலியனைக் கைவிட்டு இரண்டு மாதம் வேறொன்றைக் கற்றேன். சமமான இருவர் ஆடினாலே 14 ஆட்டங்களில் விகிதம் இருபது, இருபத்தைந்து சதவீதப் புள்ளிகள் இப்படியோ அப்படியோ சாய்வது இயல்பு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நூறு ஆட்டங்களிலும் பத்துப் புள்ளிகள் வரை ஆடும். பிறகு சிசிலியனுக்கே திரும்பினேன். 64 ஆட்டங்கள் ஆனபோது விகிதம் 48. அதற்குப் பின், ஆட்டங்களை வகை வாரியாகக் கூட்டிக் காட்டும் எல்லாச் சுருக்க அட்டவணைகளிலும் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: 30 ஆட்டங்களுக்குக் குறைவாக இருந்தால் கட்டம் காலியாகவே இருக்கும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

தோல்விக் காரணத்தை முதலில் கைபோன போக்கில் எழுதினேன். கவனக்குறைவு, கவனக் குறைவு, கவனகுறைவு என்று ஒரே காரணம் மூன்று காரணங்களாக எண்ணப்பட்டது. தட்டாமல் தேர்ந்தெடுக்க மட்டும் விடும் கீழிறங்கும் பட்டியல் போட்டு ஐந்தாகச் சுருக்கினேன். அப்படிச் சேர்ந்த முதல் 200 தோல்விகளில் காயைக் காப்பில்லாமல் சும்மா விட்டது 74, இறுதி ஆட்டத்தில், அதாவது காய்கள் குறைந்துவிட்ட கடைசிக் கட்டத்தில், தவறியது 61, நேரம் தீர்ந்தது 29, எதிராளி உண்மையிலேயே நன்றாக ஆடியது 19, தொடக்கத்திலேயே சறுக்கியது 17. நான் படிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பதினேழுக்குப் போய்க்கொண்டிருந்தது! யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் இறுதி ஆட்டங்களை அதன் பிறகுதான் முறையாகப் படிக்க உட்கார்ந்தேன்.

வரைபடங்களில் நான் வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, ரேட்டிங் கோடும் அதன் மேல் ஐம்பது ஆட்டங்களின் நகரும் சராசரியும் (ஒவ்வொரு புள்ளியிலும் கடைசி ஐம்பது ஆட்டங்களின் சராசரி). செங்குத்து அச்சின் எல்லையை மென்பொருளிடம் விடக்கூடாது. முப்பது புள்ளிகள் இறங்கியதைப் பாதாளத்தில் விழுந்ததுபோல வரைந்துவிடும்; அதைப் பார்த்துப் பதறி, விட்டதைப் பிடிக்க இன்னும் மூன்று ஆட்டங்கள் ஆடி மேலும் இறங்கியிருக்கிறேன். அச்சை 1200 முதல் 1700 வரை நிலையாக வைத்தேன். அதே சரிவு இப்போது சிறு நெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது, தோல்விக் காரணங்களின் பட்டை வரைபடம், காலாண்டு வாரியாக. வட்ட வரைபடம் போட்டுப் பார்த்தேன். அடுத்தடுத்த காலாண்டுகளை ஒப்பிட அது உதவவில்லை, நீக்கிவிட்டேன்.

மூன்று நிமிட ஆட்டங்களை மட்டுமே ஆடுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவு ஆட்டத்தைத் தின்றுவிடும். மற்றவர்கள் தயங்காமல் தொடங்கலாம். ஆட்டம் முடிந்த கையோடு எழுதிவிட வேண்டும், வரைபடங்களை வாரம் ஒருமுறைக்கு மேல் திறக்கக்கூடாது. அடிக்கடி பார்த்த நாட்களில் எண்ணைக் காப்பாற்றவே ஆடினேன்; வெல்லக்கூடிய நிலையிலும் டிரா கேட்டேன்.

இந்த மாதம் குறிப்புக்குப் பக்கத்தில் ஒன்பதாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன்: இருபதாவது நகர்வில் என் கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரம். நேரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்கள் எங்கே தொடங்குகின்றன என்று அறிய வேண்டும். இதுவரை 22 ஆட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. சுருக்க அட்டவணையில் அதற்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.