ஓடைக்குள் போன குடிநீர்க் குழாய்

மஸ்கட்டில் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் சின்ன பேரூராட்சி எங்களுடையது. நல்ல ஆனி மழை. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் எங்கள் விளைக்கு, அதாவது வீடிருக்கும் தோட்டத்துக்கு, பின்னால் சானலில் (பாசனக் கால்வாயில்) கரை தொட்டு ஓடியது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டத்தில் தண்ணீருக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் முதலில் கேட்டதே, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். கிணற்றுத் தண்ணீர் என்றதும் தலையாட்டிக்கொண்டார்.

அம்மாவுக்குக் கோபம். "அந்தத் தண்ணியக் குடிச்சுதானே மக்களே நீ வளந்த?" உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்த விளையில் இருந்தது ஒரே வீடு. பாகம் பிரித்தபின் இப்போது நான்கு வீடு, நான்கு கக்கூஸ் குழி. எல்லாம் உறை இறக்கியவை, அடியில் சிமென்ட் கிடையாது. டேப் பிடித்து அளந்தேன். சித்தப்பா வீட்டுக் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் 6 மீட்டர்! 15 மீட்டராவது வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியில் இருப்பது நேராகக் கிணற்றுப் பக்கம் ஊறும்.

சரி, குழாய்த் தண்ணீரையே குடிப்போம் என்று முடிவெடுத்தேன். தண்ணீர் திறந்துவிட வரும் அக்காவிடம் சொன்னபோது, தண்ணீர் சோதிக்கும் சின்ன பாட்டில்கள் மூன்று தந்தார். கெட்ட கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் குழாய் திறந்தவுடன் வந்தது, ஒன்றில் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்தது. ஜன்னல் படியில் வரிசையாக வைத்தோம். மறுநாள் மாலை பார்த்தால் முதல் இரண்டும் மை மாதிரிக் கறுப்பு. மூன்றாவது மட்டும் வைத்தபடி இருந்தது.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. தெருக்குழாயில் அவர் கண்ணாடிக் குழலில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரிந்தது. குளோரின் சரியாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கள் வீட்டு இணைப்பில். வாசல் ஓடையின் பலகைக் கல்லைத் தூக்கினோம். சாக்கடைக்கு நடுவே, சோப்பு நுரையில் மூழ்கி, எங்கள் குடிநீர்க் குழாய் போகிறது! இணைப்பு இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். நின்றதும் குழாய் வெறுமையாகி, வெளியே கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தமுறை திறக்கும்போது அதுதான் முதல் குடத்தில் விழும்.

தனியாகப் பள்ளம் தோண்டும் கூலியை மிச்சம்பிடிக்க யாரோ செய்த வேலை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீட்டு இணைப்பு அப்படிப் போகிறது, நானே கல்லைத் தூக்கி எண்ணினேன்.

பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து, சாலை வெட்டப் பணம் கட்டி, ஒன்பதாம் நாள் குழாயை ஓடைக்கு மேலே இரும்புக் குழாய்க்குள் விட்டுத் தூக்கி மாற்றினார்கள். வந்த பிளம்பர் தம்பி வேலையைச் சுத்தமாகச் செய்தார். அதற்கப்புறம் வைத்த பாட்டில் கறுக்கவில்லை.

பாதாள சாக்கடை எங்கள் ஊருக்கு இப்போதைக்கு வராது. நாகர்கோவிலிலேயே அதற்கு எத்தனை வருடம் சாலை தோண்டினார்கள்! ஆகவே குழியைத்தான் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். சித்தப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். பழைய குழியை மூடிவிட்டு, கிழக்கு மூலையில் அடியும் சுவரும் பூசிய செப்டிக் டேங்க் கட்டச் சம்மதித்தார். பாதிச் செலவு என்னுடையது.

பழைய குழியை உறிஞ்ச லாரி வந்தது. "இதை எங்கே கொண்டுபோய் விடுவீங்க தம்பி?" என்று டிரைவரிடம் கேட்டேன். சானல் இருக்கும் திசையைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய ரசீதைக் காட்டினால்தான் மீதிப் பணம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி எட்டரை மணிக்கு ரசீதோடு வந்தார்.