பம்பைக் கழற்ற விடும் முன் ஒரு கேன் டீசல்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று கடலுக்குப் போன எங்கள் படகு, அன்று இரவே இன்னொரு படகின் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டது. ஒரு மாதம் முன்னால்தான் இன்ஜினுக்குள் டீசலை அடிக்கும் பம்பின் வேலைக்கு 32,000 ரூபாய் கொடுத்திருந்தேன். நாகப்பட்டினம் பக்கம் பழைய லேலண்ட் இன்ஜின் வைத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவில் நன்றாக ஓடும். வலையை விட்டு இழுக்கத் தொடங்கினால் வேகம் இறங்கி, இருமி, நின்றுவிடும். டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துவிட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். மெக்கானிக் வந்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பம்ப் போச்சு அண்ணே, ஆறு எலிமெண்டும் மாத்தணும்" என்றார். எலிமெண்ட் என்பது பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று. பில்டரைக்கூடத் திறக்கவில்லை. ஏர் எடுத்தால் சரியாகிற இன்ஜினுக்குப் பம்ப் எப்படிப் போகும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. 61 நாள் தடைக்குள் பெயிண்ட், பலகை, வலை என்று தலைக்கு மேல் வேலை.

படகை இழுத்துவந்த மறுநாள் எங்கள் மாமா, பழைய டிரைவர், வந்தார். ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி இன்ஜினுக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஒரு ஓஸை நேராக ஃபீட் பம்பில், அதாவது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி பெரிய பம்புக்கு அனுப்பும் சின்னப் பம்பில் மாட்டினார். கரையில் கட்டியபடியே கியர் போட்டு வேகத்தை ஏற்றினோம். அரை மணி நேரம், ஒரு இருமல் இல்லை. அப்படியானால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்த்தார், அடைப்பு இல்லை. அப்புறம் டேங்க் ஓஸைக் கழற்றினால், கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருந்தது. அது உறிஞ்சுகிற பக்கம். இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். எங்கள் கண்ணில் படாமல் போனதும் அதனால்தான். புது ஓஸ், இரண்டு கிளிப்: 400 ரூபாய்கூட ஆகவில்லை.

பம்ப் வேலை செய்த கடைக்குப் போய் கலிப்ரேஷன் ரிப்போர்ட், அதாவது பம்பை மெஷினில் சோதித்து அளவு சரிசெய்ததற்கான தாள் கேட்டேன். மெஷினில் பேப்பர் இல்லையாம். பில்லும் வெள்ளைத்தாளில் எழுதியதுதான். சரி, கழற்றிய பழைய எலிமெண்டையாவது கொடுங்கள் என்றேன். முனகிக்கொண்டே உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்து எண்ணினேன். நாலுதான் இருந்தது.