பாலிக்குக் குழந்தைகளோட போறவங்க, ஏர்போர்ட் பிக்கப்புக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நேத்து ராத்திரிதான் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கலை, வயித்தெரிச்சல் தாங்காம எழுதறேன். போனது 16,400 ரூபாய்.

கையில பத்து மாசக் குழந்தை, கூட ஆறு வயசு மூத்தவ. விமானம் டென்பசார்ல, அதாவது பாலி ஏர்போர்ட்ல, இறங்கறதே நடுராத்திரி நெருங்கறப்போ. அங்கிருந்து நாங்க தங்கற உபுத் போக, ரோடு காலியா இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த ஊர் டாக்சியில குழந்தை சீட்டெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அதுக்காகத்தான் இங்கிருந்தே பதிவு பண்ணினோம். வெளிநாட்டு ஏர்போர்ட் பிக்கப் விக்கற ஒரு ஆன்லைன் தளம். புகார் குடுத்திருக்கறதால பேர் போடலை. இறங்கினதும் உள்ளேயே பேர்ப் பலகையோட ஆள் நிப்பாரு, இமிக்ரேஷன்ல வரிசை இல்லாம கூட்டிட்டுப் போவாரு, வெளியில ஏழு சீட்டர் வண்டி, அதுல கைக்குழந்தை சீட். எல்லாம் சேர்த்து 16,400.

அந்தத் தளத்துக்காகப் பேசின தம்பி விலையைப் பத்தி முதல்ல பேசவே இல்லை. "அக்கா, பாப்பா எத்தனை கிலோ?"ன்னு கேட்டான். எட்டரைன்னேன். "அப்போ பின்னாடி பார்த்து உக்கார்ற சீட்தான்க்கா போடணும், முன்னாடி பார்த்த சீட்டு இந்த வயசுல கழுத்துக்கு ஆகாது"ன்னான். அது சரியான விஷயம், எங்க டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்துல வண்டிக்குள்ள சீட் மாட்டின போட்டோ வந்துச்சு. சாம்பல் கலர் சீட்டு, பெல்ட்ல ஒரு சின்ன யானை பொம்மை. குழந்தையோட எடையைக் கேட்டு சீட் பார்க்கறவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? உடனே யுபிஐல கட்டினோம்.

இறங்கினா ஒருத்தரும் இல்லை. போன் போட்டா, "நிக்கறாரு மேடம், வெள்ளைச் சட்டை." வெள்ளைச் சட்டை போட்டவங்க எல்லார்கிட்டயும் எங்க வீட்டுக்காரர் போய்க் கேட்டார். கடைசியில சாதாரண வரிசைதான். ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல. சின்னது அழுது அழுது, முதுகுல சட்டை ஒட்டிப் போச்சு. பிளாஸ்க்ல இருந்த வெந்நீரும் தீர்ந்துடுச்சு.

வெளியில வந்தா அந்த நேரத்துலயும் புழுக்கம் மூஞ்சில அடிக்குது. கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையா டிரைவர்கள், பலகைகள். மூத்தவ இப்பத்தான் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்கறா. ஒவ்வொரு பலகையா விரலை நீட்டிப் படிச்சு, முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து படிச்சா. எங்க பேர் இல்லை.

மறுபடி போன். "டிரைவர் கிளம்பிட்டாரு மேடம், இலவசமா 60 நிமிஷம்தான் காத்திருப்பாரு."

இதைத்தான் எல்லாரும் கவனிக்கணும். வரிசையில நிக்காம கூட்டிட்டுப் போகத்தான் காசு வாங்கினாங்க. அந்த ஆளை அனுப்பலை, அதனால லேட் ஆச்சு. அந்த லேட்டைக் காட்டியே வண்டியையும் அனுப்பிட்டாங்க. ஒரு சேவையைக் குடுக்காம விட்டுட்டு, அதையே அடுத்த சேவையைக் குடுக்காததுக்குக் காரணமாச் சொல்றாங்க. 16,400-க்கு ஒரு பேர்ப் பலகைகூட எங்க கண்ணுல படலை.

வாசல்ல மடக்கின ஒரு வண்டிக்காரர் 7,00,000 ரூபியா கேட்டார், நம்ம காசுல சுமார் 3,700. வேற வழியில்லை. பின் சீட்ல பெல்ட்டே இல்லாத வண்டி. உபுத் வரைக்கும் குழந்தையை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுட்டு வந்தேன், கை மரத்துப் போச்சு.

அப்புறம் தினமும் ஒரு பதில். "லோக்கல் பார்ட்னர்கிட்ட கேட்டிருக்கோம்." "48 மணி நேரம் குடுங்க." கடைசியில மெயில்: வாடிக்கையாளர் குறித்த நேரத்துக்கு வரவில்லை, பணம் திரும்பாது. கூடவே அடுத்த பதிவுக்கு 1,000 ரூபாய் கூப்பன்! அக்கா அக்கான்னு பேசின அந்தத் தம்பிக்கு அனுப்பினதுக்கெல்லாம் நீல டிக் விழுது, பதில் இல்லை. கெட்டதுலயும் ஒரு நல்லது, விசாவை இவங்ககிட்ட விடலை. ஆளுக்கு 5,00,000 ரூபியா, கைக்குழந்தைக்கும் உண்டு. 2024 பிப்ரவரியில இருந்து சுற்றுலா வரி வேற ஆளுக்கு 1,50,000. ரெண்டையும் அரசுத் தளத்துல நாங்களே கட்டிட்டோம். "அதையும் நாங்களே பார்த்துக்கறோம்க்கா"ன்னு இவங்க கேட்டாங்க.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், சின்னது எழுந்துட்டா. அவசரமா நாலு வார்த்தை. வண்டியைத் தங்கற ஹோட்டல் மூலமாவே சொல்லுங்க, போய் இறங்கினப்புறம் காசு குடுங்க. நம்ம ஓலா, ஊபர் மாதிரி அங்க கிராப்னு ஒரு டாக்சி ஆப், அவங்க ஆளுங்க ஏர்போர்ட்டுக்குள்ளயே இருக்காங்க. குழந்தை சீட் இருந்தா இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க. காத்திருக்கற நேரம் விமானம் இறங்கினதுல இருந்தா, நீங்க வெளியில வந்ததுல இருந்தான்னு எழுத்துல வாங்குங்க. முன்கூட்டியே கட்டித்தான் ஆகணும்னா கிரெடிட் கார்டுல கட்டுங்க, ஏமாந்தா பேங்க்ல புகார் குடுத்துப் பணத்தைத் திரும்பக் கேக்க வழி இருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. வரிசையில நிக்கறப்போ எடுத்த போட்டோவுல நேரம் தெளிவா இருக்கு, அதையும் சேர்த்திருக்கேன். யானை பொம்மை மாட்டின அதே சீட் போட்டோ வேற யாருக்காவது வந்திருந்தா எனக்குச் சொல்லுங்க, அதையும் சேர்த்துடறேன்.