ரெண்டு எஸ்யூவிக்கும் ஒரே பக்கெட் ஆயில் போதுமா? 15டபிள்யூ40-ம் 5டபிள்யூ30-ம்

காரைக்குடியில எங்க வீட்டு வாசல்ல ரெண்டு டீசல் எஸ்யூவி நிக்கிது. ஒண்ணு என்னோடது, 2018 மாடல், பிஎஸ்4 (பிஎஸ்ங்கறது அரசாங்கத்தோட பொகைக் கட்டுப்பாட்டு விதி). இன்னொண்ணு அயித்தானோடது, 2021 மாடல், பிஎஸ்6. அவுக இருக்கறது சிங்கப்பூர்ல, கல்யாணம் காச்சி படைப்புன்னு வந்தா ஓட்டறதுக்காக வாங்கிப் போட்ட வண்டி, மத்த நாள்ல நாந்தேன் பாத்துக்கிறேன். ரெண்டுக்கும் ஒரே மாசம் ஆயில் மாத்த வேண்டி வந்துச்சு, சரி 15டபிள்யூ40 ஒரு பக்கெட்டா வாங்கி ரெண்டுலயும் ஊத்திரலாம், காசும் மிச்சம்னு கணக்குப் போட்டேன். நல்ல வேளை, வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மேனுவலையும் எடுத்துப் பாத்தேன்.

முதல்ல இந்த நம்பர் கதை. "நம்ம ஊர் வெயிலுக்கு தடிச்ச ஆயில்தாண்ணே தாங்கும்"னு சொல்லாத மெக்கானிக்க நான் இன்னும் பாக்கல. சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கிது, வாஸ்தவந்தேன், ஆனா இஞ்சின் சூடானதுக்கப்புறம் உள்ள இருக்கற ஆயில் எப்படியும் 100 டிகிரி பக்கம் போயிரும், கூலண்ட தெர்மோஸ்டாட் கட்டுப்பாட்டுல வச்சிருக்கும், அதனால வெளிய 25-ஆ 40-ஆங்கறது நாம நெனைக்கிற அளவுக்குப் பெரிய விசயம் இல்ல. பின்னாடி இருக்கற 40, 30-ங்கறது அந்தச் சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கிதுங்கறதுக்கு. முன்னாடி டபிள்யூவோட வர்றது குளிருக்கு. 15டபிள்யூ-வையே மைனஸ் 20 டிகிரியில வச்சுத்தான் சோதிக்கிறாங்க, நமக்கு மார்கழிப் பனியே 20 டிகிரிதான். அப்ப குளிருக்காக 5டபிள்யூ வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா காலையில சாவியத் திருப்புன அந்த முதல் சில செகண்டுல 5டபிள்யூ கொஞ்சம் வேகமா மேல ஏறி டர்போவுக்குப் போய்ச் சேரும், அந்த லாபம் நம்ம ஊர்லயும் உண்டு.

அடுத்தது மினரலா சிந்தெடிக்கா. வெலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சிந்தெடிக் சூட்டுக்கு நல்லாத் தாங்கும், சீக்கிரம் பிசுக்காகாது, டர்போ இஞ்சினுக்கு அது நல்லதுதான், சந்தேகமே இல்ல. ஆனா கேன் முன்பக்கம் பெருசா 'ஃபுல்லி சிந்தெடிக்'னு போட்டிருக்கறதப் பாத்து ஏமாறக் கூடாது, அது கச்சா எண்ணெயிலேர்ந்தே நல்லாச் சுத்திகரிச்ச குரூப் 3 ஆயிலாவும் இருக்கும், ரசாயன முறையில உருவாக்குன குரூப் 4 பிஏஓ-வாவும் இருக்கும், ரெண்டையும் அதே பேர்லதான் விக்கிறாங்க. நான் பாக்கறது கேனோட பின்பக்கம், பொடி எழுத்துல ஏபிஐ, ஏசிஇஏன்னு ஆயிலோட தரத்தப் போட்டிருக்குமே அந்த ஒரு வரி. கேஸ்ட்ராலோ ஷெல்லோ சர்வோவோ மேக்கோ, அந்த வரி மேனுவலோட ஒத்துப்போச்சுன்னா பிராண்டு சண்டையில எனக்கு அக்கறை கெடையாது.

என் வண்டியில டிபிஎஃப், அதாவது பொகையில வர்ற கரியப் புடிச்சு வைக்கிற வடிகட்டி, கெடையாது, மேனுவல்ல ரெண்டு கிரேடுக்குமே அனுமதி இருக்கு. அதனால 15டபிள்யூ40, ஏபிஐ சிஐ4 பிளஸ் போதும். மேனுவல்ல 10,000 கிலோமீட்டர்னு இருக்கு, நான் 7,500-லயே மாத்திருவேன், ஏன்னா தேவகோட்டை தாண்டி வயக்காட்டுப் பக்கம் செம்மண் புழுதியிலதான் என் ஓட்டம் பாதி. வெலை கம்மியான ஆயில சீக்கிரமா மாத்துறது, வெலை கூடுன ஆயில ரொம்ப நாள் ஓட்டுறது, ரெண்டையும் கூட்டிக் கழிச்சா செலவு பெரிய வித்தியாசம் வரல, அப்ப நான் முதல் கட்சி. டிப்ஸ்டிக்ல ஆயில் கருப்பா இருக்குன்னு மட்டும் மாத்தாதீங்க, டீசல் இஞ்சின்ல புது ஆயிலே கொஞ்ச நாள்ல கருத்துரும், அது கரியப் புடிச்சு வச்சுக்கறதுதான் அதோட வேலையே.

அயித்தான் வண்டியிலதான் சிக்கல். பிஎஸ்6 2020 ஏப்ரல் 1-லேர்ந்து வந்துச்சு, டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்-லேர்ந்து 10-ஆ கொறைஞ்சுச்சு, கூடவே சைலன்சர் லைன்ல டிபிஎஃப் ஏறுச்சு. கந்தகம் கூட இருந்த காலத்துல அது எரிஞ்சு வர்ற அமிலத்த முறிக்க ஆயில்ல கால்சியம் மாதிரி உப்பெல்லாம் நெறையப் போடணும், அது எரிஞ்சா சாம்பல். டிபிஎஃப்ல அடையற கரிய சூடாக்கி எரிச்சிரலாம், சாம்பல எரிக்க முடியாது, அங்கயே தங்கிரும். அதுக்குத்தான் சாம்பல் கம்மியான ஆயில் கேக்குறாங்க. ஏசிஇஏ சி3-ன்னா சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. நான் வாங்க நெனச்ச பழைய சிஐ4 ரகமெல்லாம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கு மேலதான். பக்கெட்டுல மிச்சம் புடிச்ச காச டிபிஎஃப்புக்கு மொத்தமாக் கட்டியிருப்பேன், அது என்ன வெலைன்னு விசாரிச்சவுகளுக்குத் தெரியும். அதனால அந்த வண்டிக்கு அவுக மேனுவல்ல சொன்ன 5டபிள்யூ30 சி3-தான், இதுல பேரம் கெடையாது.

இன்னொரு கூத்தும் அந்த வண்டியில நடந்துச்சு. வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓடவிடு, மார்க்கெட் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வான்னு பையன்கிட்ட சொல்லியிருந்தேன். ஆறு மாசம் கழிச்சு டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிக்கிது. "கொறையலையேண்ணே, கூடித்தானே இருக்கு"ங்குறான். மோந்து பாத்தா டீசல் வாடை. டிபிஎஃப் கரிய எரிக்கறதுக்காக இஞ்சின் கூடுதலா டீசலப் பீச்சும், வண்டி சூடேறி ஓடுனாத்தான் அது ஒழுங்கா எரியும், பாதியில ஆஃப் பண்ணிட்டா மிச்ச டீசல் சிலிண்டர் சுவரு வழியா எறங்கி ஆயில்ல கலந்து ஆயிலத் தண்ணியாக்கிரும். கூட்டித் தொடைக்கும்போதே வெளக்கமாத்தப் புடுங்குன கதைதான். இப்ப வாரம் ஒருக்கா பிள்ளையார்பட்டி தாண்டி திருப்பத்தூர் வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொல்லிட்டேன், அவனுக்கும் சாமி கும்பிட்ட புண்ணியம். அந்த வண்டி வருசத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாது, ஆனாலும் வருசம் முடிஞ்சா ஆயில் மாத்திருவேன். நின்ன வண்டியிலயும் ஆயில் கெடும், ஈரம் சேரும்.

எங்க மாத்தறதுங்கறதுல ரெண்டு வண்டிக்கும் ரெண்டு தீர்ப்பு. அயித்தானோடது வாரண்டியில இருக்கு, சர்வீஸ் சென்டர், பில், முடிஞ்சுது கதை. என்னோடத வீட்டுலயே மாத்துறேன். இஞ்சின கொஞ்சம் சூடாக்கி, ஆஃப் பண்ணி, டிரெயின் போல்ட்டக் கழட்டி நல்லா வடிய விட்டு, புது வாஷர் போட்டு முடுக்கி, ஃபில்டர் ரப்பர்ல ஒரு விரல் ஆயில் தடவி கையாலயே இறுக்கணும். முதல் தடவ பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருந்தத நான் பாக்கல, அது மேலயே புதுசப் போட்டு ஸ்டார்ட் பண்ணதும் புது ஆயில் பீச்சி அடிச்சுச்சு. இப்பல்லாம் கழட்டுன ஃபில்டரத் திருப்பிப் பாத்து வளையம் கூடவே வந்துச்சான்னு தடவிப் பாத்துட்டுத்தான் மறுவேலை. காலி கேனையும் ஆணியால நாலு ஓட்டை போட்டுத்தான் பழைய சாமான்காரனுக்குப் போடுவேன், முழுசாப் போட்டா அதுல மறுபடி எத ஊத்தி யாருக்கு விப்பாகளோ.

வடிச்ச ஆயிலுக்குத்தான் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். வாய்க்கால்ல ஊத்துனா நேரா ஊருணிக்குப் போயிரும்னு தெரியும், அதனால தகர டப்பாவுல புடிச்சு, ஒர்க்ஷாப்பு டிரம்முல சேத்துரலாம்னு ராத்திரி திண்ணையில வச்சேன். பூனை தட்டிவிட்டுச்சோ என்னவோ, காலையில ஆத்தங்குடிக் கல்லு நாலஞ்சுல கருப்பா ஊறிக் கெடக்கு. ஆச்சி உமியக் கொட்டித் தேச்சாக, சோப்புத் தண்ணி ஊத்துனாக, பாதிதான் போச்சு. இப்ப அந்த எடத்துல ஒரு கோரைப்பாய விரிச்சு வச்சிருக்காக, நான் திண்ணைப் பக்கம் டப்பாவோட வந்தாலே பாய எடுத்துக் காட்டுறாக.