குவில் ஸ்டெம்முக்கு மாற்றாக அடாப்டர்: மூன்றாண்டு அனுபவம்

ஹேண்டில்பாரைத் தாங்கியபடி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கும் பழைய குவில் ஸ்டெம்மை என் சைக்கிளிலிருந்து கழற்றிவிட்டு, அடாப்டர் எனும் இணைப்புத் துண்டு வழியாக இக்காலத்து ஸ்டெம் ஒன்றைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் என்னுடையதைப் போன்ற பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிய நண்பர், தாமும் அப்படிச் செய்யலாமா என்று சென்ற வாரம் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. இந்த மாற்றத்தால் என் கழுத்து வலி நீங்கியது உண்மை. மேம்பாலம் ஏறுகையில் இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால், ஹேண்டில்பாருக்கு அடியிலிருந்து கிளம்பும் கிறீச்சொலி இன்றும் என் பொறுமையைக் குலைக்கிறது என்பதும் உண்மை.

என்னுடையது 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட, ஓரங்குல மரையிட்ட ஃபோர்க் கொண்ட எஃகு ரோடு சைக்கிள். அதன் ஸ்டெம் முன்னோக்கி 110 மி.மீ. நீளம். 40 கிலோமீட்டரைத் தாண்டினால் விரல்கள் மரத்துவிடும். பிடரியில் வலி பிடித்துக்கொள்ளும். குவில் ஸ்டெம்மைத் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வரைதான் உயர்த்தலாம். நீளத்தை மாற்றவே முடியாது. வேறு நீளம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்து டேப்பைப் பிரித்து, பிரேக் லீவரைக் கழற்றி, ஹேண்டில்பாரை உருவி எடுக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் டயா-காம்ப் நிறுவனம் ‘அஹெட்செட்’ என்ற பெயரில், ஃபோர்க் குழாயை ஸ்டெம் வெளியிலிருந்து கவ்வும் மரையில்லா அமைப்பைக் கொண்டுவந்த பிறகு, புதிய ஸ்டெம்கள் பெரும்பாலும் அவ்வமைப்புக்கே வருகின்றன. அவற்றைப் பழைய ஃபோர்க்கில் மாட்ட உதவுவதே அடாப்டர். அதன் கீழ்ப்பாதி 22.2 மி.மீ. விட்டத்தில் ஃபோர்க் குழாய்க்குள் இறங்கி ஆப்பினால் இறுகும், மேற்பாதியை 28.6 மி.மீ. ஸ்டெம் கவ்விக்கொள்ளும்.

பழையதைக் கழற்றத்தான் இரண்டு நாள் ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றும் என் வியர்வையும் சேர்ந்து அலுமினியத் தண்டை எஃகுக் குழாயோடு ஒட்டவைத்திருந்தன. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, அதன் தலைமேல் மரக்கட்டையை வைத்துத் தட்டிய பிறகே ஆப்பு விடுபட்டது.

அதன் பின் கிடைத்த மகிழ்ச்சியை நான் மறைக்க மாட்டேன். புதிய ஸ்டெம்மின் முகத்தகட்டில் நான்கு போல்ட்கள். அவற்றைக் கழற்றினால் ஹேண்டில்பார் டேப், லீவர், கேபிள் எதுவும் குலையாமல் அப்படியே கைக்கு வந்துவிடும். முதலில் 100 மி.மீ., அடுத்த வாரம் 90, அதற்கடுத்து 80 என்று நண்பர்களிடம் இரவல் வாங்கிய ஸ்டெம்களை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. 80 மி.மீ. ஸ்டெம்முடன் மாமல்லபுரம் வரை சென்று திரும்பிய அன்று கழுத்தில் வலியே இல்லை.

கிறீச்சொலி நான்காம் மாதத்தில் தொடங்கியது. கிரீஸ் பூசினேன், முடுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் கொண்டு ஸ்டெம் போல்ட்களை அதில் குறித்திருந்தபடி 5 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன், மூன்று வாரம் அமைதியாக இருக்கும், ஒரு மழைக்குப் பின் திரும்பிவிடும். சென்ற மாதம் எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பிய போதுதான் காரணம் விளங்கியது. பழைய அமைப்பில் உலோகமும் உலோகமும் அழுந்தும் இடங்கள் இரண்டே: ஹேண்டில்பார் ஸ்டெம்மில், ஸ்டெம் ஃபோர்க்கில். நான் வாங்கிய அடாப்டரின் மேற்பாதியோ உண்மையில் 25.4 மி.மீ. தண்டு, பிளவுபட்ட உறை ஒன்றை மாட்டித்தான் அது 28.6 ஆகிறது. என் பழைய ஹேண்டில்பாரும் 25.4 என்பதால், 31.8 மி.மீ. ஸ்டெம்மில் அதற்கும் ஓர் உறை. ஆக, இரண்டு இடங்கள் ஐந்தாகிவிட்டன. ஐந்திலும் ஈரமும் புழுதியும் நுழைகின்றன. ஒரே துண்டாகக் கடைந்த அடாப்டரையும் 31.8 மி.மீ. ஹேண்டில்பாரையும் வாங்கியிருந்தால் இந்த ஐந்து மூன்றாகியிருக்கும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பழுது பார்க்கக் கொடுத்த கடையில், ஸ்டெம்முக்கு மேலுள்ள மூடியின் போல்ட்டை முடுக்கினால், ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டின் ஆட்டம் நிற்கும் என்று எண்ணி அதையே முடுக்கியிருந்தார்கள். மரையில்லா ஃபோர்க்கில் அது சரி. அடாப்டர் போட்ட சைக்கிளில் அந்த மூடி வெறும் மூடிதான். பேரிங்கின் இறுக்கம் இப்போதும் கீழேயுள்ள மரையிட்ட கப்பிலும் லாக் நட்டிலும்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் ஆடிய வண்டியோடு இரண்டு நாள் ஓட்டிய பிறகு, 32 மி.மீ. ஸ்பேனர்களைக் கொண்டு நானே சரிசெய்தேன்.

நண்பருக்கு நேற்று எழுதிவிட்டேன்: அடாப்டர் வேண்டாம். தண்டு நீளமான குவில் ஸ்டெம்களை நிட்டோ போன்ற நிறுவனங்கள் இன்னும் செய்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்குங்கள். எல்லைக்கோடு வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே இறக்குங்கள், ஆப்பு மரைப் பகுதிக்குக் கீழே போய்ப் பிடிக்கட்டும். உடனே அவர், முன்னோக்கி எந்த நீளத்தில் வாங்குவது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு 80 மி.மீ. சரி என்பதே அந்த அடாப்டரில் மூன்று ஸ்டெம்களை மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இப்போது 80 மி.மீ. குவில் ஸ்டெம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்ததும் கழற்றும் அடாப்டரை, அளவு பார்ப்பதற்காக நண்பருக்கு இரவல் தரவிருக்கிறேன்.