பெங்களூரில் ஒரு சாயங்காலம்: பிரிகேட் ரோடா, இந்திராநகரா, கோரமங்களாவா?

ஓசூர் தாண்டி வருகிற நம் ஆட்களில் பலருக்குப் பெங்களூரில் ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ இருப்பார். சாயங்காலம் எங்கே போகலாம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே வயது தெரிந்துவிடும். அல்சூரில் பிறந்து வளர்ந்த சித்தப்பா பிரிகேட் ரோடு என்பார். ஐ.டி. வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அத்தை மகன் இந்திராநகர் என்பான். புதிதாக ஸ்டார்ட்அப்பில் சேர்ந்த தங்கைக்குக் கோரமங்களாவைத் தவிர வேறு ஊரே கிடையாது. ஆனால் வெளியூர்க்காரரின் கணக்கு வேறு. கையில் வண்டி இல்லை, எங்கேயும் டேபிள் முன்பதிவு செய்யவில்லை, ராத்திரி பத்திரமாக லாட்ஜுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கில்தான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் போய்ச் சேரும் வழி. மெஜஸ்டிக்கில் ரயிலிலிருந்து இறங்கினால் ஊதா நிற மெட்ரோவில் நான்காவது ஸ்டேஷன் எம்.ஜி. ரோடு. அங்கிருந்து டிரினிட்டி, அல்சூர் தாண்டினால் இந்திராநகர். நம்ம மெட்ரோ 2011 அக்டோபரில் முதன்முதலாக ஓடியதே இந்தப் பாதையில்தான், பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே. கோரமங்களாவுக்குள் மெட்ரோ இல்லை. ஆனால் ஆம்னி பஸ்ஸில் வந்து மடிவாளாவில் இறங்குகிறவருக்கு அது கூப்பிடு தூரம். அதனால் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவரும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை.

எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் மூன்றும் சேர்ந்ததுதான் சித்தப்பா சொல்லும் இடம். என் ஓட்டு முக்கால்வாசி இதற்கே. காரணம் எளிது: இங்கே நடக்கலாம். மெட்ரோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சில நிமிடங்களில் சர்ச் ஸ்ட்ரீட். 2018இல் அந்தத் தெருவையே தோண்டிக் கல் பாவி, நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். 2020 நவம்பரில் தொடங்கிச் சில மாதங்களுக்கு வார இறுதிகளில் வண்டிகளே விடாமல் நடப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தும் பார்த்தார்கள். அதை நிறுத்தியது எனக்கு இன்னும் வருத்தம்தான். இருந்தாலும் காசே செலவழிக்காமல் இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கு இந்த ஊரில் இதைவிட நல்ல தெரு எனக்குத் தெரியாது. கிடார் வாசிக்கிற பையன்கள், படம் வரைந்து கொடுப்பவர்கள், பிளாசம், புக்வார்ம் போன்ற பழைய புத்தகக் கடைகள். பிளாசம் மாடிப்படியில் ஏறினால் அப்புறம் நேரம் போவது தெரியாது, கூட வந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏறுங்கள்.

சாப்பாட்டிலும் இங்கேதான் எல்லா பட்ஜெட்டுக்கும் இடம் இருக்கிறது. எம்.ஜி. ரோட்டில் பல காலம் இருந்துவிட்டு 2009இல் சர்ச் ஸ்ட்ரீட்டுக்குக் குடிபெயர்ந்த இந்தியன் காபி ஹவுஸில் ஆம்லெட்டும் காபியும் அடக்கமான விலையில் முடிந்துவிடும். தெருவின் மேற்கு முனையில் செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் கோஷிஸ். அங்கே போவது சாப்பிட என்பதைவிட உட்கார்ந்து பேச என்றுதான் சொல்ல வேண்டும். பிரிகேட் ரோட்டிலிருந்து பிரியும் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பீகோஸ், இந்த ஊருக்குப் ‘பப் நகரம்’ என்று பெயர் வந்த காலத்துப் பழைய ராக் இசை பப். புதுப் பூச்சு எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். நேரம் கடந்து பசித்தால் சர்ச் ஸ்ட்ரீட் எம்பயரில் பரோட்டாவும் கபாபும்.

பிரிகேட் ரோட்டைப் பற்றி மட்டும் சித்தப்பாவோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர் நினைவில் இருப்பது ரெக்ஸ் தியேட்டர் ஓடிய காலம். அது 2018 கடைசியில் மூடப்பட்டது. எம்.ஜி. ரோட்டின் பிளாசா தியேட்டர் அதற்கு முன்பே மெட்ரோ ஸ்டேஷனுக்காகப் போயாயிற்று. இப்போது பிரிகேட் ரோட்டில் இருப்பது பெரும்பாலும் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய பிராண்டு கடைகள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் போதும். அந்த மறு முனையில், ரெசிடென்சி ரோடு சந்திப்பில் இருக்கும் போர் நினைவுத் தூணை நின்று பாருங்கள். ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினருக்கானது அது. படையில் அவர்களை ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்கள், அவர்களுடைய மையம் இன்றும் அல்சூரில்தான். 1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது சிப்பாயாகவும் வியாபாரியாகவும் கூலியாளாகவும் வந்த தமிழர்களின் வம்சம்தான் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்டோவிலும் கடையிலும் தமிழ் தாராளமாகச் செல்லும். ஆனாலும் கன்னடத்தில் ஒரு ‘நமஸ்காரா’ போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், எடுத்த எடுப்பிலேயே தமிழில் அதட்டுவது நன்றாக இருக்காது.

இந்திராநகரில் கதையே மாறுகிறது. அது வீடுகளுக்காகப் பிரித்த பகுதி. 100 அடி ரோட்டிலும் 12வது மெயினிலும் பங்களாக்கள் ஒவ்வொன்றாக உணவகமாகவும் பப்பாகவும் மாறின. இரவுச் சத்தம் குறித்து அங்கே குடியிருப்பவர்களின் புகார் பல வருடமாக ஓயவில்லை, 2018இல் உரிமம் இல்லை என்று பல பப்களில் நேரடி இசையைப் போலீஸ் நிறுத்தவும் செய்தது. இப்படி வளர்ந்த இடம் என்பதால் ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே வேடிக்கை குறைவு. 100 அடி ரோட்டில் நடப்பது, உண்மையைச் சொன்னால், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான். 12வது மெயின் பரவாயில்லை, மரநிழல் உண்டு.

ஆனால் ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசப் போகிறீர்கள் என்றால் அத்தை மகன் ஜெயித்துவிடுவான். உணவின் தரமும் வகையும் இங்கே ஒரு படி மேல். 2010இல் தொடங்கிய டாய்ட், பெங்களூரின் ஆரம்ப கால மைக்ரோ ப்ரூவரிகளில் ஒன்று, மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். டாஸ்மாக் கடையும் ஓட்டல் பாரும் மட்டுமே பார்த்தவர்களுக்கு, கண் முன்னால் தொட்டியில் பீர் காய்ச்சி அதே மாடியில் ஊற்றிக் கொடுப்பது புது அனுபவம். சனிக்கிழமை இரவு முன்பதிவில்லாமல் போனால் வாசலில் காத்திருப்பதுதான் அனுபவம், அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்களுக்கு ராமேஸ்வரம் கஃபேயின் முதல் கடை இங்கே 2021இல் தொடங்கியது. அப்துல் கலாம் பிறந்த ஊரின் பெயர், நெய் மிதக்கும் கர்நாடக தோசை. எனக்கு நெய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வரிசையில் நிற்கிற யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

பணம், விதி விஷயங்கள் மூன்று இடத்துக்கும் பொது. கர்நாடகத்தில் மது பரிமாற 21 வயது கேட்பார்கள், இளமுகமாக இருந்தால் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் சில பப்களில் ஆண்கள் மட்டும் கூட்டமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள், அல்லது நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். போன் செய்து விசாரித்துவிட்டுப் போவது மேல். பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் அதைக் கட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுவார்கள். சர்வீஸ் சார்ஜ் கேட்கும் வழக்கம் கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கடைகளைவிட இந்திராநகரின் புதுக் கடைகளில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

கோரமங்களாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே 5வது, 6வது பிளாக்குகளில் நல்ல கஃபேக்களும் பர்கர் கடைகளும் ஏராளம், கல்லூரிக் கூட்டமும் ஸ்டார்ட்அப் கூட்டமும் நிறைந்த இளமையான இடம். 2004இல் ஃபோரம் என்று திறந்து இப்போது நெக்ஸஸ் என்று அழைக்கப்படும் மால், பஸ்ஸுக்கு நேரம் போக்க உதவும். ஆனால் எந்தக் கடை எந்தக் குறுக்குத் தெருவில் என்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான் சுவாரசியம். தங்கை வந்தால் போங்கள், தனியாக வேண்டாம்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு யோசனையே தேவையில்லை, எம்.ஜி. ரோடு பக்கம்தான். மதியம் கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், பக்கத்திலேயே கப்பன் பூங்கா (ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டி ஓடாது), இருட்டிய பிறகு சர்ச் ஸ்ட்ரீட்டில் ஐஸ்கிரீம். ஆனால் சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆட்டம் இருக்கும் நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் நேரத்தை வைத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பார்கள் ராத்திரி 1 மணி வரை திறந்திருக்கும், மெட்ரோ 11 மணி வாக்கிலேயே முடிந்துவிடும். ஆட்டோ மீட்டர் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை அதில் ஒன்றரை மடங்கு. மீட்டர் போடுகிறவர் கிடைப்பது அதிர்ஷ்டம், நம்ம யாத்ரி போன்ற ஆப்பில் பதிவு செய்வதே நிம்மதி. எம்.ஜி. ரோட்டிலிருந்தும் இந்திராநகரிலிருந்தும் பத்தரை மணிக்குக் கிளம்பினால் இந்தச் செலவே இல்லை. கோரமங்களாவில் அந்த வசதி கிடையாது.

டிசம்பர் 31 மட்டும் விதிவிலக்கு. அன்றிரவு எம்.ஜி. ரோட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நள்ளிரவை ஒட்டி எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ நிற்காமல் போவதும் உண்டு. டிரினிட்டிக்கோ கப்பன் பார்க்குக்கோ நடந்துதான் ரயில் ஏற வேண்டும். குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.